ஒருமுறை சோதித்தவரை மறுபடியும் ஏன் சோதிக்கிறார்கள்?

கேள்வி: சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர், 2025 ஒக்டோபர் 5

எழுபது வயதைத் தாண்டிய எங்கள் அம்மா டிசம்பரில் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவிடம் தனியாகப் போகிறார். கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறி டோஹாவில் விமானம் மாற வேண்டும். இடைவெளி ஒன்றரை மணித்தியாலம். கட்டுநாயக்கவில் வாசலிலும் சோதிக்கிறார்கள், ஏறும் வாயிலிலும் சோதிக்கிறார்கள். அதன் பிறகு விமானத்தை விட்டு வேறெங்கும் போகாத ஒருவரை டோஹாவில் மீண்டும் வரிசையில் நிறுத்துவது வீண் வேலை என்பது என் கருத்து. அந்த வரிசையைத் தவிர்க்க வழி உண்டா? அம்மாவுக்கு ஆங்கிலம் வராது.

ஒக்டோபர் 5, இரவு

தவிர்க்க வழி இல்லை. வீண் வேலை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். சர்வதேச விமானப் போக்குவரத்துக்கான 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைக்கு 1974இல் சேர்க்கப்பட்ட பதினேழாம் இணைப்பு, தன் மண்ணிலிருந்து புறப்படும் விமானங்களின் பாதுகாப்புக்கு அந்தந்த நாடே பொறுப்பு என்ற அடிப்படையில் எழுதப்பட்டது. ரொறன்ரோவுக்கு அம்மா ஏறுவது டோஹாவிலிருந்து புறப்படும் விமானத்தில். இன்னொரு நாட்டில் நடந்த சோதனை தன்னுடைய சோதனைக்கு நிகரானது என்று ஒரு நாடு ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால்தான் மாறிச் செல்லும் பயணியைச் சோதிக்காமல் விட முடியும். ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் சோதனையை அவ்வாறு ஏற்றிருக்கிறது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகையால் கட்டுநாயக்கவிலிருந்து போய்ப் பாரிசில் மாறுகிறவர் வரிசையில் நிற்கிறார், ரொறன்ரோவிலிருந்து வந்து அதே பாரிசில் மாறுகிறவர் பெரும்பாலும் நிற்பதில்லை.

இதை விரித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர்கள் பலர் அந்த இரண்டாவது வரிசையைத் தங்கள் தோலுக்கும் கடவுச்சீட்டுக்கும் நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு, மனம் குமுறியபடி நின்று, சொல்வதைக் காதில் வாங்காமல் தடுமாறுகிறார்கள். விமானம் எங்கிருந்து வந்தது என்பதே அங்கே கணக்கு. அம்மாவிடம் இதை வீட்டிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஒக்டோபர் 6

நேரத்தைப் பற்றி. ஒன்றரை மணித்தியாலம் என்பது அட்டவணையில் இருக்கும் எண். விமானம் ஓடுபாதையை விட்டு ஊர்ந்து வந்து நின்று, கதவு திறந்து, பின்வரிசையில் இருக்கும் அம்மா மேலேயிருந்து பையை இறக்கி வெளியே வருவதற்குள் அதில் கணிசமான பகுதி போய்விடும். மறுமுனையில் விமானம் புறப்படும் நேரத்துக்கு முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். சோதனை வரிசைக்கும் நடைக்கும் எஞ்சுவது நடுவில் இருக்கும் துண்டு நேரம் மட்டுமே. இளையவர் ஒருவருக்கு அது போதும். தனியாகப் போகும் வயதானவருக்கு மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாத இடைவெளியையே நான் தேடுவேன். காத்திருப்பது அலுப்பு என்று பிள்ளைகள் சொல்வார்கள். ஆனால் ஓட முடியாத ஒருவருக்குக் காத்திருப்பு ஓய்வாகவே இருக்கும்.

இரண்டு பயணங்களும் ஒரே முன்பதிவில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ஒரே முன்பதிவாக இருந்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான சேவையுடையது. மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு பயணச்சீட்டுகளைத் தனித்தனியாக வாங்கியிருந்தால் அந்தப் பொறுப்பு எவருக்கும் இல்லை.

ஒக்டோபர் 8

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கைப்பொதியைக் கட்டும்போது கட்டுநாயக்கவை மனத்தில் வைக்காதீர்கள், வழியில் வரும் மிகக் கண்டிப்பான சோதனையை வைத்துக் கட்டுங்கள். முதல் இடத்தில் விட்டார்கள் என்பது இரண்டாவது இடத்தில் செல்லுபடியாகாது.

வளைகுடா நகரொன்றில் மாறும் வரிசையில் எனக்கு முன்னால் வடமராட்சி அம்மா ஒருவர் நின்றார். அவருடைய பைக்குள்ளிருந்து ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் வெளியே வந்தது. மூடியைச் சுற்றிச் செலோடேப், அதன் மேல் பொலித்தீன், பொலித்தீனின் கழுத்தில் றப்பர் பாண்ட், எல்லாவற்றுக்கும் மேல் பழைய சீலைத் துணி. உள்ளே மாங்காய் ஊறுகாய். அதிகாரி ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தார்; அந்த அம்மா ஒவ்வொரு சுற்றுக்கும் அவருக்கு உதவி செய்தார், பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார் என்று நம்பியபடி. போத்தல் தொட்டிக்குள் போனபோது அவர் எதுவும் பேசவில்லை. சீலைத் துணியை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த ஊறுகாய் மகனுக்கானது என்று அங்கே எவருக்கும் சொல்ல அவருக்கு மொழி இல்லை.

ஊறுகாய், சட்னி, நெய், நல்லெண்ணெய், தயிர், தேன், தைலம், தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகிய எல்லாமே அங்கே திரவக் கணக்கில் சேரும். ஒவ்வொன்றும் 100 மில்லிலீற்றர் கொள்ளும் கொள்கலத்தில், எல்லாம் சேர்ந்து ஒரு லீற்றர் அளவுள்ள ஒளி ஊடுருவும் பைக்குள் இருக்க வேண்டும். பார்ப்பது கொள்கலத்தின் அளவை. அடியில் கொஞ்சம் எஞ்சிய 200 மில்லிலீற்றர் போத்தலையும் எடுத்துவிடுவார்கள். சித்தாலேப என்ற தைலத்தின் சின்னப் போத்தல் அந்தப் பைக்குள் வைத்தால் போகும். ஊறுகாய்க்கும் எண்ணெய்க்கும் உரிய இடம் கீழே போகும் பெரிய பொதி.

ஒக்டோபர் 8, சற்றுப் பின்

மருந்து இந்த அளவுக்குள் அடங்காது. பயணத்துக்கு வேண்டிய திரவ மருந்தை 100 மில்லிலீற்றருக்கு மேலும் கொண்டுபோகலாம். தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், வைத்தியரின் கடிதமோ சீட்டோ கூடவே இருப்பது நல்லது. இன்சுலினைப் பெரிய பொதியில் ஒருபோதும் வைக்காதீர்கள். கீழே உறைந்துபோகலாம், பொதி தவறினால் மருந்தும் தவறும்.

ஒக்டோபர் 11

சிலர் கேட்கிறார்கள்: புதிய ஸ்கானர் வந்துவிட்டதே, திரவத்தை வெளியே எடுக்கத் தேவையில்லை என்கிறார்களே? உண்மைதான். பொதியை முப்பரிமாணப் படமாகக் காட்டும் இயந்திரங்கள் பல விமான நிலையங்களில் வந்திருக்கின்றன. எடின்பரோவில் 2025 ஜூலை முதல் இரண்டு லீற்றர் வரையுள்ள கொள்கலத்தையும் விடுகிறார்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2024 செப்டம்பர் முதலாம் திகதி அந்தத் தளர்வைத் தற்காலிகமாக நிறுத்திப் பழைய 100 மில்லிலீற்றர் அளவுக்கே திரும்பிப் போனதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் இடத்தில் புதிய இயந்திரமும் மாறும் இடத்தில் பழைய இயந்திரமும் இருந்தால், புறப்படும் இடத்தில் கிடைத்த சலுகை மாறும் இடத்தில் இழப்பாகத்தான் முடியும். அதிகாரி வெளியே எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும், உள்ளேயே விடச் சொன்னால் விட வேண்டும். போன முறை வேறு மாதிரி இருந்தது என்று வாதாடுவதால் வரிசைதான் நீளும்.

தீர்வையற்ற கடையில் வாங்கும் போத்தலைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். கடையில் முத்திரையிட்டுத் தரும் பையை, பற்றுச்சீட்டு உள்ளே தெரியும்படி, கடைசி ஊர் வரைக்கும் திறக்காமல் வைத்திருக்க வேண்டும். இடையில் திறந்தால் அது சாதாரணத் திரவம் ஆகிவிடும்.

ஒக்டோபர் 15

இந்த 100 மில்லிலீற்றர் அளவு எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டாள். பானப் போத்தல்களில் திரவ வெடிபொருளைக் கொண்டு சென்று விமானங்களைத் தகர்க்கும் சதியொன்றை 2006 ஓகஸ்ட் 10ஆம் திகதி பிரித்தானியப் பொலிசார் முறியடித்தார்கள். அந்த நவம்பரில் ஐரோப்பா இந்த அளவை விதித்தது, வேறு பல நாடுகளும் விதித்தன.

திகதியை எழுதிவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். மறுநாள், 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி, முகமாலையில் சண்டை வெடித்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. யாழ் குடாநாடு தனித்துப் போயிற்று. அதன் பின் கொழும்புக்குப் போக வேண்டியவர்கள் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானத்திலோ, கப்பலில் திருகோணமலைக்கோதான் போனார்கள். உள்நாட்டுக்குள் போவதற்கே பொதியைக் கொட்டிக் காட்டி, வரிசை வரிசையாய் நின்று, பெயர் கூப்பிடும் வரைக்கும் காத்திருந்த காலம் அது. அதற்கு முன் ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகள். அதற்கும் முன் வேறு பெயர்கள்.

நம் வயதானவர்களுக்குச் சோதனை வரிசை வெறும் தாமதம் மட்டுமாக இருப்பதில்லை. எங்கள் பெரியம்மா, சீருடையைக் கண்டதும் கேட்பதற்கு முன்பே கைப்பையைத் திறந்து ஒவ்வொரு பொருளாக எடுத்து மேசையில் அடுக்கத் தொடங்குவார். பெயர், ஊர், போகும் காரணம் எல்லாவற்றையும் யாரும் கேட்காமலே தமிழில் சொல்வார். பின்னால் நிற்பவர்களுக்கு அது தாமதம், அதிகாரிக்கு அது சந்தேகம். உடலில் ஊறிய பழக்கம் அது, அதட்டி மாற்ற முடியாது. புறப்படுவதற்கு முன்னைய நாட்களில் வீட்டு மேசையில் ஒரு தட்டத்தை வைத்து, பையை அப்படியே வைப்பது, கைத்தொலைபேசியை வைப்பது, செருப்பைக் கழற்றச் சொன்னால் மட்டும் கழற்றுவது, வாசலுக்குள் தனியாக நடந்து போய் மறுபக்கம் நின்று பொருட்களைப் பொறுக்குவது என்று பெரியம்மாவுக்கு நடத்திக் காட்டினோம். பேரப்பிள்ளைகள்தான் அதிகாரிகள். அதன் பிறகு அவர் வரிசையில் நின்ற விதமே வேறாக இருந்தது. சுன்னாகத்து வாசகரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

ஒக்டோபர் 16

தாலிக்கொடியைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். கழற்ற மாட்டேன் என்று அம்மா சொன்னால் கழற்றத் தேவையில்லை. கனமான கொடி உலோக வாசலில் ஒலி எழுப்பும். அதன் பின் பெண் அதிகாரி ஒருவர் கையால் சோதிப்பார். மறைவான இடத்தில் சோதிக்கும்படி கேட்கும் உரிமை பெரும்பாலான விமான நிலையங்களில் உண்டு. சென்னையில் பெண்களைத் திரைமறைவுக்குள் பெண் காவலர்களே கைக்கருவியால் சோதிப்பது வழமை. மிக முக்கியமானது, கொடியைக் கழற்றித் தட்டத்தில் போடாமல் இருப்பது: தட்டம் மறுபக்கம் போய் நின்றிருக்க, அம்மா வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டிருந்தால், அந்தக் கொடி எவருடைய கண்ணிலும் படாத சில நிமிடங்கள் உருவாகும்.

இதயத்துக்குப் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அதற்குரிய அட்டையை முதலில் காட்டிக் கைச்சோதனை கேட்க வேண்டும்.

ஒக்டோபர் 17

சக்கர நாற்காலி. ஆங்கிலம் தெரியாத ஒருவர் தனியாகப் போகும்போது இதைவிடப் பெரிய உதவி இல்லை. குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் விமான சேவைக்கு அறிவித்துவிட்டால், மாறும் இடத்தில் ஒருவர் வந்து அழைத்து, சோதனையைத் தாண்டி, அடுத்த வாயில் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். சோதனையிலிருந்து விலக்குக் கிடைக்காது. ஆனால் வழி தேடும் கவலை முழுவதும் போய்விடும். நடக்க முடிந்தவர் நாற்காலி கேட்பது பொய் என்று நம் அம்மாமார் கூச்சப்படுகிறார்கள். நீண்ட தூரம் நடக்க முடியாது, அறிவித்தல்கள் புரியாது என்பவை போதுமான காரணங்கள்.

ஒக்டோபர் 6ஆம் திகதிக் குறிப்போடு இதையும் சேர்த்துப் படியுங்கள். நாற்காலி கேட்டவர்கள் பெரும்பாலும் எல்லோரும் இறங்கிய பின்னரே விமானத்தை விட்டு வெளியே வருகிறார்கள். இடைவெளி குறுகியதாக இருந்தால் அந்தக் காத்திருப்பும் அதற்குள்ளேயே கழியும். நாற்காலி கேட்பவருக்கு நீண்ட இடைவெளி இன்னும் அவசியம்.

ஒக்டோபர் 22

மிளகாய்த்தூள். நம் வீட்டுக் கறித்தூள் இல்லாமல் எவரும் வெளிநாடு போவதில்லை. வறுத்து, இடித்து, இரட்டைப் பையில் கட்டி, பெரிய பொதியில் இடம் இல்லையென்று கைப்பொதிக்கு மாற்றுகிறார்கள். 2018 ஜூன் 30 முதல் அமெரிக்காவுக்குப் போகும் விமானங்களில் 350 மில்லிலீற்றர் அளவுக்கு மேற்பட்ட தூள் கைப்பொதியில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். தெளிவாகவில்லை என்றால் ஏற்ற விடமாட்டார்கள். அவுஸ்திரேலியா உணவுத் தூளையும் உப்பு, மணல் போன்ற கனிமத் தூளையும் பிரித்துப் பார்த்து, பின்னதற்கே அளவு வைத்திருக்கிறது. திருநீறு எந்தப் பக்கம் சேரும் என்று வரிசையில் நின்று விளக்குவதைவிட, சிறு சம்புடத்தில் வேண்டிய அளவு மட்டும் எடுத்து மற்றதைப் பெரிய பொதியில் வைப்பது நல்லது. மிளகாய்த்தூளுக்கு இன்னொரு சிக்கல்: கண்ணில் வீசலாம் என்பதால் இந்தியாவில் அதைக் கைப்பொதியில் விடமாட்டார்கள்.

கொப்பரையையும் இதோடு சொல்லிவிடுகிறேன். அது தானாகச் சூடேறக்கூடிய பொருள் என்று விமானத்துறையின் ஆபத்தான பொருட்களின் பட்டியலில் இருக்கிறது.

ஒக்டோபர் 23

பலாலி வழியாகச் சென்னை போய் அங்கிருந்து ஏறலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: நெடுந்தூரம் வான் வண்டியில் அமர்ந்து கட்டுநாயக்கவுக்குப் போகும் இரவு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் இரண்டு பயணச்சீட்டுகளும் வெவ்வேறாக இருந்தால் சென்னையில் குடிவரவைத் தாண்டி, பொதியை எடுத்து, மீண்டும் பதிந்து, மீண்டும் சோதனைக்குப் போக வேண்டும். அதற்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்கு இந்திய விசா வேண்டும். தனியாகப் போகும் வயதானவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

நவம்பர் 2

அமெரிக்காவுக்குள் இன்னொரு விமானம் மாறுகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முதலில் இறங்கும் நகரிலேயே குடிவரவு, பெரிய பொதியை எடுப்பது, சுங்கம், பொதியைத் திருப்பிக் கொடுப்பது, பிறகு மீண்டும் பாதுகாப்பு வரிசை என்று வழக்கமாக எல்லாம் நடக்கும். அபுதாபி இதற்கு விலக்கு: அமெரிக்கக் குடிவரவும் சுங்கமும் 2014 முதல் அங்கேயே நடப்பதால், அந்த வழியாகப் போகிறவர் உள்நாட்டுப் பயணியைப் போல் இறங்குகிறார். போர்டிங் பாஸில் ‘எஸ்’ என்ற எழுத்து நான்கு முறை அச்சாகியிருந்தால் கூடுதல் சோதனை உண்டு என்று பொருள். பதற்றப்படாமல் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

நவம்பர் 9

தனிப்பட்ட முறையில் ஒருவர் கேட்டதை, பலருக்கும் பயன்படும் என்பதால், அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். வெளிநாட்டில் தகனம் செய்த தந்தையின் அஸ்தியைக் கீரிமலையில் கரைத்து அந்தியேட்டி செய்ய விரும்புகிறார். மாறும் விமான நிலையத்தில் அதைத் திறந்து பார்ப்பார்களோ என்று அஞ்சுகிறார்.

நாங்களும் அவ்வாறு கொண்டுவந்திருக்கிறோம். செப்புக் கலசத்திலோ பித்தளைச் செம்பிலோ வைக்காதீர்கள். உலோகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எக்ஸ்-ரே காட்டாது. காட்டாததைத் திறக்கச் சொல்வார்கள் அல்லது ஏற்ற மறுப்பார்கள். மெல்லிய மரப்பெட்டியோ தடித்த பிளாஸ்ரிக் கொள்கலமோ போதும். அமெரிக்க அதிகாரிகள், பயணியே கேட்டாலும், அஸ்திக் கொள்கலத்தைத் திறப்பதில்லை என்பதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் உள்ளே தெரியும் கொள்கலம் அவ்வளவு முக்கியம். மரணச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் ஆங்கிலப் பிரதியோடு கையில் வைத்திருங்கள். தட்டத்தில் வைப்பதற்கு முன் அதிகாரியிடம் இது என்ன என்று அமைதியாகச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னபோது அந்த இளம் அதிகாரி பெட்டியை இரு கைகளாலும் வாங்கி, வேறு எதுவும் இல்லாத தனித் தட்டத்தில் வைத்தார். செப்புக் கலசத்தை இங்கே வந்து வாங்கலாம், கடைகள் இருக்கின்றன.

நவம்பர் 14

பவர் பேங்க் பெரிய பொதியில் போகவே கூடாது, கைப்பொதியில் மட்டுமே. 100 வாட்-மணி வரைக்கும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பெரும்பாலானோர் வைத்திருக்கும் 20,000 மில்லி அம்பியர்-மணிக் கருவி ஏறத்தாழ 74 வாட்-மணி. அளவு அச்சாகாத மலிவான கருவியைச் சோதனையில் எடுத்துவிடக்கூடும். எமிரேட்ஸ் 2025 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து ஒருவருக்கு ஒன்று மட்டும் என்றும், விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதித்திருக்கிறது. அம்மாவின் தொலைபேசி டோஹாவில் இறங்கும்போது முழு மின்னேற்றத்தோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் அழைப்புத்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்.

நவம்பர் 15

ஐரோப்பா வழியாக மாறுவது பற்றிக் கேட்டவருக்கு: இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர், விமான நிலையத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும், செங்கன் நாடுகளில் மாறுவதற்குத் தனியான விமான நிலைய இடைத்தங்கல் விசா எடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் இருக்கிறார். செல்லுபடியான கனடிய, அமெரிக்க அல்லது செங்கன் விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய விடயம் இது.

நவம்பர் 21

சுன்னாகத்து வாசகர் அம்மாவின் பயணச்சீட்டை மாற்றி, டோஹாவில் நான்கு மணித்தியால இடைவெளி எடுத்து, சக்கர நாற்காலிக்கும் அறிவித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மிகவும் மகிழ்ச்சி. கூடவே, அம்மா வெற்றிலைச் சம்புடத்தையும் பாக்குவெட்டியையும் கைப்பையிலேயே வைத்திருக்கப் பிடிவாதம் பிடிக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். பாக்குவெட்டி பெரிய பொதிக்குள் போகட்டும். பாக்கை வீட்டிலேயே சீவி, சிறு டப்பாவில் போட்டுக் கொடுங்கள். சுண்ணாம்பு களிம்பாக இருப்பதால் ஒரு லீற்றர் பைக்குள் சித்தாலேபவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பச்சை வெற்றிலையையும் பாக்கையும் கனடாவில் இறங்கும்போது சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பதால், மிஞ்சுவதை விமானத்திலேயே விட்டுவிடும்படி சொல்லி அனுப்புங்கள்.